கொசப்பேட்டையில் அரைநாள் குடித்தனம்

மின்விசிறிக்கு எந்தச் சுவிட்ச் என்று பூவரசனுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில்தான் குடியிருப்பதாகக் கம்பெனிக்கு அவன் எழுதிக்கொடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

"இதையெல்லாம் முன்னாடியே கேட்டு வச்சுக்கக் கூடாதா?" என்றாள் அவன் மனைவி மோகனா. "ஆபீசர் வர்றதுக்கு பத்து நிமிஷம்தான் இருக்கு."

"அவரு ஃபேன் சுவிட்சைப் பத்தியா கேக்கப் போறாரு?"

"வந்த மனுஷனுக்கு வேர்க்குமா, வேர்க்காதா?"

வீடு வேலூர்க் கொசப்பேட்டையில் இருந்தது. சொந்தக்காரர் நயீம் அகமது. பூவரசன் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் தோல் வெட்டி ஓய்வு பெற்றவர். பூவரசன் நிஜமாகக் குடியிருந்தது கணியம்பாடியையும் தாண்டி, இரண்டு பஸ் மாறிப் போகும் ஒரு ஊராட்சியில்.

கம்பெனியில் ஒரு விதி இருந்தது. மாநகராட்சி எல்லைக்குள் வாடகைக்கு இருப்பவனுக்கு மாதம் இரண்டாயிரம் நகரப்படி. ஊராட்சிக்காரனுக்கு ஒன்றும் கிடையாது. ஒரே மெஷின், ஒரே தையல், ஒரே சூப்பர்வைசரிடம் ஒரே திட்டு. ஆனால் கணியம்பாடிக்காரன் வயிறு வேலூர்க்காரன் வயிற்றைவிடச் சின்னது என்று கம்பெனி எந்த டாக்டரையோ கேட்டு முடிவு செய்திருந்தது. சென்னை யூனிட்காரர்களின் வயிறு எல்லோருடையதையும்விடப் பெரியது. அவர்களுக்கு ஐயாயிரம் கூட. தக்காளிக்கு மட்டும் இந்த விவரம் தெரியாததால் அது மூன்று ஊரிலும் ஒரே விலைக்கு விற்றது.

மோகனாவுக்கும் இதே கதைதான். வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுப்பாள். ஆம்பூரில் ஒரு ஜோடிக்குப் பன்னிரண்டு ரூபாய். அவள் ஊருக்கு வந்து சேரும்போது அது ஒன்பது ரூபாய். "வர்ற வழியில பஸ் டிக்கெட் எடுத்துக்கினு வருது போல" என்பாள்.

மகள் பாரதி நர்சிங் இரண்டாம் வருஷம் படித்தாள். காலேஜ் பஸ்ஸுக்கே மாதம் இரண்டாயிரம் கேட்டார்கள். அப்போதுதான் பூவரசன் நயீம் பாயிடம் போய்த் தலையைச் சொறிந்தான்.

"அட்ரஸ்தானே தோஸ்த்? எடுத்துக்கோ. தேயவா போவுது?" என்றார் பாய்.

தேயவில்லைதான். ஆனால் சென்னை தலைமை அலுவலகத்தில் யாரோ கணக்குப் பார்த்துவிட்டார்கள். கம்பெனியில் எண்ணூறு பேர்; அதில் எழுநூற்று எழுபது பேர் வேலூர் மாநகராட்சிக்குள் குடியிருப்பதாகப் பதிவாகியிருந்தது. காலையில் கம்பெனிப் பக்கம் வரும் டவுன் பஸ்களோ வயல்வெளி நெடுக நின்று நின்று நிரம்பிக்கொண்டு வந்தன. உடனே நோட்டீஸ் ஒட்டினார்கள்: வீடு வீடாக வந்து பார்ப்போம், பொய் எழுதியவனுக்கு அன்றோடு வேலை கிடையாது.

பூவரசனின் முறை இந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பார்க்க வருபவர் பர்சனல் ஆபீசர் கோதண்டராமன். இதுவரை பார்த்த பதினோரு வீட்டில் ஒன்பதைத் தள்ளுபடி செய்தவர்.

பாயின் சம்சாரம் வாணியம்பாடிக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தது ஒரு வசதி. மோகனா ஊரிலிருந்து கொண்டுவந்த பெருமாள் படத்தைக் கூடத்தில் மாட்டினாள். நிம்மதியாக மூச்சை இழுத்தபோதுதான் மூக்கில் ஏறியது.

"பாய், இன்னா வாசனை இது?"

"ஞாயித்துக்கெழமை ஆச்சே. பிரியாணி தம்ல இருக்கு."

"இது புரட்டாசி மாசம் பாய்! அந்த ஆளு நாமம் போட்டுக்கினு வருவாரு!"

"அரிசி பாதி வெந்துபோச்சே மோகனாம்மா. புரட்டாசி முடியிற வரைக்கும் அது தாங்காது."

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. கோதண்டராமன் நாமத்தோடுதான் வந்தார். செருப்பைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் இருந்த பலகையில் வைத்தார், உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், நெற்றியைத் துடைத்தார். பாய் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

"ஃபேனைப் போடுப்பா."

பூவரசன் வீட்டுக்காரன் தோரணையில் ஒரு சுவிட்சைத் தட்டினான். குளியலறை விளக்கு எரிந்தது. அடுத்ததில் வாசல் விளக்கு. மூன்றாவதில் மிக்சி உறுமியது.

"புது வயரிங் சார்."

கோதண்டராமன் எழுந்து, உருது காலண்டரை ஒதுக்கி, பின்னால் இருந்த சுவிட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது. படித்தவர் படித்தவர்தான் என்று பூவரசன் நினைத்துக்கொண்டான்.

"உருது படிப்பியா நீ?" என்றார் காலண்டரைப் பார்த்து.

"கொஞ்சம் கொஞ்சம் சார்."

"எட்டாந்தேதியில பேனாவால ஏதோ குறிச்சிருக்கியே, இன்னா அது?"

பூவரசன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "கேஸ் சிலிண்டர் சொல்லணும்."

பாய்க்கு மறுபடியும் இருமல். எட்டாம் தேதி அவருக்குப் பல் பிடுங்கும் நாள்.

"தண்ணி குடும்மா."

மோகனா விறுவிறுவென்று ஒரு கதவைத் திறந்து உள்ளே போனாள். அது குளியலறை. உடனே திரும்பினால் மரியாதை இல்லை என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"பானை ஜன்னலுக்குக் கீழ இருக்கும்மா" என்றார் கோதண்டராமன் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே. பிறகு பாயைக் காட்டினார். "இவரு யாரு?"

பூவரசனின் நாக்கு அவனைக் கலந்துகொள்ளாமலே பேசியது. "எங்க வீட்ல வாடகைக்கு இருக்காரு சார்."

முப்பது வருஷம் உழைத்துக் கட்டிய வீட்டில் ஒரு நொடியில் வாடகைக்காரரான நயீம் பாய், "ஆமா சார். தங்கமான ஓனர்" என்றார்.

"ஓனரா?" ஆபீசர் பேனாவைத் திறந்தார். "சொந்த வீடுன்னா நகரப்படியே கெடையாதேப்பா. இத்தனை மாசம் வாங்கினதையும் பிடிக்கணும்."

"ஐயோ சார், அவரும் வாடகை, நானும் வாடகை. ஓனர் துபாய்ல இருக்காரு!"

"வாடகை எவ்ளோ?"

"நாலாயிரம்" என்றான் பூவரசன்.

"ஆறாயிரம்" என்றாள் மோகனா, அதே நொடியில்.

"அது வந்து சார்," என்றார் பாய், "நாலுன்றது பேசினது. ஆறுன்றது குடுக்கறது."

கோதண்டராமன் மூக்கை உறிஞ்சினார். "புரட்டாசியில பிரியாணியா?"

"பக்கத்து வீட்ல சார். காத்து இந்தப் பக்கம் அடிக்குது" என்றான் பூவரசன்.

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். அடுப்பில் பிரியாணி தேக்சா, மூடியின் மேல் தணல். பூவரசன் கதவோரம் நின்று காற்றைப் பழி சொன்ன வாயைப் பொத்திக்கொண்டான்.

"அது என்னோடது சார்" என்றார் பாய். "வாடகைல சமையல்கட்டும் சேத்திதான்."

"பெருமாள் படம் இங்க, பிரியாணி அங்க. ஒரே அடுப்பு?" கோதண்டராமன் திரும்பி வந்து உட்கார்ந்தார். "பூவரசன், நான் பத்தொன்பது வருஷ சர்வீஸ். உன் பாதத்துல ஒட்டியிருக்கறது கணியம்பாடி செம்மண்ணு. இந்த வீட்ல நீ ஒரு நாள் கூடப் படுத்ததில்ல. அட்ரஸ் பொய்னு எழுதறேன். நாளைக்கு ஆபீஸுக்கு வந்து கணக்கை முடிச்சுக்கோ."

மோகனா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "சார், பொண்ணு இன்னும் ஒரு வருஷம் படிச்சா நர்சு ஆயிடும் சார். எங்க ஊர்ல இருந்து கம்பெனிக்கு வர்றதுக்கே மாசம் ஆயிரத்து நானூறு பஸ்ஸுக்குப் போவுது. டவுன்ல இருக்கறவன் நடந்து வர்றான், அவனுக்கு ஜாஸ்தி. நாங்க ரெண்டு பஸ் மாறி வர்றோம், எங்களுக்குக் கம்மி. இது இன்னா நியாயம் சார்?"

"நியாயம் சென்னையில போடறாங்கம்மா. நான் கையெழுத்து மட்டும்தான்."

பேனா காகிதத்தைத் தொட்டது. பூவரசனுக்குத் தன் தையல் மெஷின் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் நயீம் பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "சார், அக்கம்பக்கத்து சாட்சி கேட்டுட்டுத்தான் எழுதணும்னு ரூல்ஸ் இருக்கில்ல? எதிர்வீட்டு தாயாரம்மாளைக் கூப்புடட்டா?"

பூவரசன் செத்தான். எதிர்வீட்டுத் தாயாரம்மாள் அவனை வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. "வேணாம் பாய்" என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

ஆனால் பாய் ஜன்னலுக்குப் போய்விட்டார். "தாயாரம்மா! ஒரு நிமிஷம் வந்துட்டுப் போம்மா! ஷூ கம்பெனி சாட்சிக் கையெழுத்து!"

"வர்றேன் பாய், கண்ணாடியை எடுத்துக்கினு வர்றேன்!" என்று தெருவைத் தாண்டி ஒரு குரல் வந்தது.

கோதண்டராமனின் பேனா நின்றது. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவருக்கு நாமம் நனைகிற அளவுக்கு வேர்த்தது.

"எதுக்கு அந்தம்மாவைத் தொந்தரவு பண்றீங்க? வயசானவங்க" என்றார்.

"பரவால்ல சார், சுறுசுறுப்பான பொம்பள."

"வேணாம்னு சொல்றேன் இல்ல? எல்லாம் சரியாத்தானே இருக்கு! குடும்பம் இருக்கு, சாமி படம் இருக்கு, அடுப்பு எரியுது. இதுக்கு மேல இன்னா சாட்சி?" சரசரவென்று எழுதினார். 'குடியிருப்பு உண்மை. நகரப்படி தொடரலாம்.' கீழே கையெழுத்து, தேதி, ஸ்டாம்பு.

பூவரசன் இரண்டு தரம் படித்துப் பார்த்தான். எழுத்து மாறவில்லை. ஏழு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து, பிரியாணி வாசனையோடு ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. மோகனா பெருமாளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தைரியம் வந்து, "சார், ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க" என்றுகூடச் சொன்னாள்.

"புரட்டாசிம்மா" என்று சொல்லிக்கொண்டே கோதண்டராமன் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு படியில் இறங்கினார்.

ஸ்கூட்டரின் ஸ்டாண்டை அவர் தட்டிவிடுவதற்குள் கண்ணாடி சகிதம் தாயாரம்மாள் தெருவைத் தாண்டி வந்துவிட்டாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள், முகம் மலர்ந்தது.

"இன்னா சார் நீங்களா? போன மாசம் உங்க மெட்ராஸ் ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா உங்க அட்ரஸை விசாரிக்க வந்தப்ப, 'இவரு இந்த வீட்லதான் வாடகைக்கு இருக்காரு'ன்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேனே, அது போதலையா?"