சுயவேலைச் சூரரும் கூழ் அண்டாவும்

ஐயா, அம்மா, சுயவேலைச் சூரர் என்றொரு ஜீவராசி உண்டு. தேடி அலைய வேண்டாம், உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். குழாய் ஒழுகினால் ஆளைக் கூப்பிட மாட்டார், தானே முறுக்குவார், அதுவரை சொட்டிக்கொண்டிருந்தது அதன் பிறகு கொட்டும். மின்விசிறியைக் கழற்றுவார், துடைப்பார், மாட்டுவார், மிச்சமான நான்கு திருகாணிகளை ‘இதெல்லாம் எக்ஸ்ட்ரா’ என்று டப்பாவில் போட்டு மூடுவார். அதே வேலையை வருடக்கணக்கில் செய்து பிழைக்கிறவர் வாய் திறந்தால் இவர் காதில் விழாது. ஏன் விழ வேண்டும்? இவர்தான் பன்னிரண்டு நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டாரே, அதுவும் வேகத்தைக் கூட்டி!

எங்கள் செவிலிமேட்டு வேலாயுதம் இந்த இனத்தின் அசல் உருப்படி. நாற்பத்து மூன்று வயதில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. பெரிய மால்களில் நின்றுகொண்டே குச்சியை ஆட்டி விளையாடுவார்களே, அந்த வீடியோ கேம் பெட்டியை வீட்டிலேயே செய்துவிட வேண்டும். வரட்டும். பலகை அறுத்தார், திரையைக் கோணலாக மாட்டினார். பெட்டியின் முன்பக்கம் மட்டும் தொந்தி மாதிரி வளைந்து வர வேண்டுமாம். அதற்கு ஃபைபர்தான் சரி. வளைந்த பொருள் ஒன்றை அச்சாக வைத்து, அதன்மேல் ஃபைபர் துணியைப் போர்த்தி, ரெசின் என்கிற பசையைப் பூசிக் காயவிட்டுக் கழற்றினால் அதே வளைவு கிடைத்துவிடும். வண்டி பம்பர்களுக்கு ஃபைபர் வேலை செய்யும் குமாரவேல், கேட்காமலே வந்து சொன்னார்.

“அண்ணா, அச்சு மேல மொதல்ல மெழுகு தடவிக்கோ. இல்லாங்காட்டி ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கும்.”

“அதெல்லாம் பழைய டெக்னிக்குப்பா. நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டார்.

அச்சுக்கு அவர் எதை எடுத்தார் தெரியுமா? கங்கையம்மன் கோயில் கூழ் அண்டாவை! ஆடியில் கூழ் ஊற்றுவதற்கு ஒரு வாரம் முன்பு அந்தப் பித்தளை அண்டா ஏதாவது ஒரு வீட்டுக்குப் போகும். அந்த வீட்டுப் பெண்தான் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஞாயிற்றுக்கிழமை முதல் கரண்டிக் கூழை ஊற்றுவாள். ஆறு வருடம் கேட்டுக் காத்திருந்து, இந்த ஆடியில்தான் வேலாயுதத்தின் மனைவி சந்தியாவுக்கு அது கிடைத்தது. வெள்ளிக்கிழமை அவள் கேழ்வரகு அரைக்க மில்லுக்குப் போன நேரத்தில், நம் சூரர் அண்டாவைக் கவிழ்த்தார், அதன் வயிற்றைத் தடவி ‘அடடா, என்ன வளைவு!’ என்று வியந்தார், துணியைப் போர்த்தினார், ரெசினைப் பூசினார். மெழுகை மறந்தார் என்றால் அது பொய். அவர் மறக்கவில்லை, மதிக்கவில்லை.

சந்தியா திரும்பியபோது அவர் அண்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். உளி, சுத்தியல், வெந்நீர், எதற்கும் அது அசையவில்லை. பித்தளையில் வெட்டியிருந்த உபயதாரர் பெயர்கள் ஃபைபருக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தன. செய்தி கேட்டு, கோயில் காரியங்களைக் கவனிக்கும் பூவம்மாள் வந்து நின்றார்.

“வெளியதானேமா ஒட்டிக்கினு இருக்குது? உள்ள சுத்தமாத்தான் இருக்குது” என்றார் வேலாயுதம்.

“அடுப்பு உள்ளயாப்பா எரியும்?” என்றார் பூவம்மாள்.

சந்தியா மாவுப் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அன்று அந்த மனிதர்மேல் வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூழ், கிரேஸ் அக்காவின் பிரியாணிக் கடைத் தேக்சாவில் கொதித்தது. பாத்திரம் எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டுக்குத்தான் முதல் கரண்டி. பூவம்மாள் முறையை மாற்றுகிறவர் இல்லை. கிரேஸ் அக்கா கரண்டியை வாங்கினார், வாங்கிய கையோடு சந்தியாவிடம் நீட்டினார்.

“நீ ஊத்துமா. உன் மாவுதானே.”

வரிசையில் வேலாயுதமும் சொம்போடு நின்றார். வெட்கப்பட்டுக்கொண்டா? முன்னால் நின்றவரிடம், “எவ்ளோ ஸ்ட்ராங்கா புடிச்சிக்கினு இருக்குது பாத்தியா? என் மிக்ஸிங் அப்படி!” என்று பெருமையடித்துக்கொண்டு. அவர் முறை வந்தது. சந்தியா கரண்டியை நிறுத்தினாள்.

“உங்களுக்குத்தான் எல்லாத்தையும் நீங்களே செஞ்சிக்கத் தெரியுமே. கூழும் நீங்களே காச்சிக்கோங்க. அடுத்த ஆளு வாங்கப்பா.”

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் படித்துக்கொண்டே வரும்போது நடுவில் எங்கேயோ, ‘மெழுகு எதற்கு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தாலே கழன்றிருக்கும், நானாக இருந்தால்...’ என்று உங்கள் மனதில் ஓடியதா? ஓடியிருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். ஆடி மாதத்தில் எங்கள் தெருப்பக்கம் வராதீர்கள். புது அண்டா இப்போதுதான் வாங்கியிருக்கிறோம்.