பேண்டேஜ் கட்டுன புகைக்குழாய்

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். லேசர் கட்டிங் மிஷின்ல வர்ற புகையை வீட்டுக்கு வெளிய அனுப்பணும்.

மிஷின் வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு. பலகையில பேரு, கடிகாரம், சாமி படம்னு வெட்டித் தள்ளுவேன். புகை பூரா வீட்டுக்குள்ளயே சுத்தும். காலையில எம் பொண்டாட்டி செல்வி தீர்ப்பே சொல்லிட்டா.

"சாயங்காலத்துக்குள்ள புகை வெளிய போகணும். இல்லன்னா மிஷினைத் தூக்கிக்கிட்டு நீங்க வெளிய போகணும்."

"எம்புட்டு நேரம் ஆகப்போவுது? ஒரு மணி நேரம்!"னு வீராப்பா எறங்குனேன்.

ஃபேன் மாட்டியாச்சு. குழாயை ஜன்னல் வழியா வெளிய விட்டா, நீளம் பத்தல. பழைய குழாய் ஒண்ணை எடுத்து ஒட்டுப் போட்டேன். ஒட்டுல புகை கசிஞ்சுது. டேப்பும் தீந்துபோச்சு. கடைக்குப் போகச் சோம்பேறித்தனம்.

எங்க ராஜபாளையத்துப் பக்கம் வீட்டுக்கு வீடு கெடக்குற பொருள் பேண்டேஜ் துணி. சுத்துப்பட்டு முழுக்கத் தறியில அதைத்தான் ஓட்டுறாங்க. மூக்கு தொடைக்கவும் அதுதான், மோர் வடிகட்டவும் அதுதான். எடுத்து ஒட்டைச் சுத்திப் பத்து சுத்து சுத்துனேன்.

செல்வி எட்டிப் பாத்தா. "ஏங்க, பாம்புக்குக் கால் ஒடிஞ்ச மாதிரில்ல இருக்கு!"

மிஷினைப் போட்டேன். வீட்டுக்குள்ள ஒரு பொட்டுப் புகை இல்ல! நின்ன எடத்துலயே ஒரு ஆட்டம் போட்டேன்.

காயத்துக்குக் கட்டுற துணியைக் காத்து போகணும்னுதான் ஓட்டை ஓட்டையா நெய்யுறாங்கன்னு அப்ப மண்டையில உதிக்கல. ஜன்னலுக்கு வெளிய அந்த ஒட்டு இருந்த எடமோ, பக்கத்து வீட்டு லட்சுமி அக்கா அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதுக்க.

அன்னைக்குப் பாத்து அவிய மக கௌசல்யாவைப் பொண்ணு பாக்க ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வந்திருந்தாங்க. பொண்ணும் பையனும் கிருஷ்ணன்கோவில்ல ஒண்ணா இஞ்சினியரிங் படிச்சு ஆசைப்பட்டவுக. பையனோட அம்மா தலையாட்டணும், அம்புட்டுதான். ஆனா அந்தம்மாவுக்கு ஒரே பிடிவாதம், மருமகளுக்குச் சமைக்கத் தெரியணும். கௌசல்யா வெந்நி வைக்கவே போன்ல பாக்குற புள்ள!

செல்வி அலறிக்கிட்டு வந்தா. "ஏங்க! அக்கா வீட்ல புகை மண்டுது! நிப்பாட்டுங்க!"

ஒரு புள்ளையோட கல்யாணம்யா! மிஷினை அணைச்சுட்டு, உண்மையச் சொல்லிக் கால்ல விழுந்துருவோம்னு ஓடுனேன்.

உள்ள போனா, பையனோட அம்மா கையில பால்கோவாத் தட்டு. லட்சுமி அக்கா முகத்துல ஈயாடல.

நடந்தது பொறவுதான் தெரிஞ்சது. "எம் மகளே கிண்டுனது"ன்னு அக்கா சொல்லியிருக்காங்க. யாருகிட்ட? ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரவுககிட்ட! அதுவும் ஸ்ரீவில்லிபுத்தூர்லயே வாங்குன பால்கோவாவைக் குடுத்து! "இது எங்க ஊரு கடையில வாங்குனதுல்ல?"ன்னு அந்தம்மா ஆரம்பிக்கவும், எம் புகை நொழையவும் சரியா இருந்திருக்கு.

அந்தம்மா மூக்கை உறிஞ்சுனாங்க. "என்னது, வெறகு வாசம் வருது?"

"அது வந்தும்மா, எங்க வீட்டு மிஷின்..."

முடிக்க விடல. லட்சுமி அக்கா ஒரு கை பால்கோவாவை என் வாயில திணிச்சாங்க. "தம்பி, மொதல்ல சாப்பிடுங்க!" கீழ என் கால் பெருவெரலை மிதிச்ச மிதியில எனக்கு உசுரே போச்சு.

அந்தம்மா முகம் அப்படியே மலர்ந்துருச்சு. "வெறகடுப்புலயாம்மா கிண்டுன? இந்தக் காலத்துல எந்தப் புள்ள வெறகடுப்பு ஊதுது! அதான் எங்க ஊரு ருசி வந்திருக்கு!"

புகையில கௌசல்யா கண்ணு ரெண்டும் கோவைப்பழம். அந்தம்மா அதையும் அடுப்பு ஊதுன கணக்குல சேத்துக்கிட்டு, "பாவம், கண்ணு எப்படிச் செவந்திருக்கு பாரு"ன்னு தலையில பூவை வச்சுட்டாங்க. பூ வச்சாச்சு! இனி கல்யாணந்தான்!

பையன் ஜன்னல் வழியா பேண்டேஜ் குழாயைப் பாத்தான். பொறவு என்னையப் பாத்தான். ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டான். வாய் நெறைய பால்கோவாவோட நானும் கும்பிட்டேன்.

சாயங்காலம் புது டேப் வாங்கிட்டு வந்து ஒட்டை அடைக்கப் போனேன். லட்சுமி அக்கா சுவருக்கு மேல எட்டிப் பாத்தாங்க.

"தம்பி, அதை அடைச்சுராதீங்க. வர்ற வெள்ளிக்கிழமை நிச்சயம், கௌசல்யா சக்கரைப் பொங்கல் வைக்கப்போறா. செத்த நேரம் மிஷினை ஓட்டுனாப் போதும்."