கையில் எடுத்துக்கொண்ட இரும்பு

வில்லாபுரம், மதுரை
10.11.1999, புதன்

பெருமைக்குரிய மாப்பிள்ளை முத்துக்குமரன் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் வெள்ளைத்துரை ஆசி கூறி எழுதுவது. இங்கு நான், உங்கள் அத்தை சோணையம்மாள், மகள் முத்துச்செல்வி, அவள் வயிற்றில் எட்டாம் மாதமாகக் குடியிருப்பவர் ஆக நான்கு பேரும் சுகம். சார்ஜாவில் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். படபடப்பில் எழுதுகிறேன், எழுத்து கோணினால் பேனா பொறுப்பல்ல. நாளைக் காலை செல்விக்கு ரத்தப் பரிசோதனை. ரத்த அளவு பத்துக்கு மேல் வந்தால் கே.கே. நகர் டாக்டரம்மாவே பிரசவம் பார்த்துவிடுவார். பத்துக்குக் கீழே நின்றால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்ற வேண்டும். ஐந்து வாரமாக இதை உங்களிடம் மறைத்தோம். மறைத்தது நான். ரத்தம் குறைந்ததற்குக் காரணமும் நான்தான். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும்.

ஆகஸ்டில் நீங்கள் விமானம் ஏறியதும் செல்வியை இங்கே அழைத்து வந்தோம் அல்லவா, அன்றிலிருந்து வீட்டில் தினமும் ஆலோசனைக் கூட்டம். பக்கத்து வீட்டு ராமக்காள் தலைமை, நான் செயலாளர். முப்பத்திரண்டு வருஷம் பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன், பட்டியல் போடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பப்பாளி, அன்னாசி, எள்ளுருண்டை எல்லாம் தள்ளுபடி. சோறு பாதி அளவு. "அண்ணே, வயித்துப்பிள்ள அம்புட்டுச் சோத்தையும் தின்னு பெருத்துருச்சுன்னா வெளிய வர வழியிருக்காதுண்ணே. அரை வயித்துக்குக் குடுங்க, போதும்" என்று ராமக்காள் சொன்னதை அப்படியே நிறைவேற்றினேன். நீங்கள் அனுப்பிய குங்குமப்பூ வந்து சேர்ந்தது. நம் இரண்டு குடும்பத்திலும் வெள்ளை என்று இருந்தது என் பெயரில் மட்டும்தான், அந்தக் குறையைத் தீர்க்கிறேன் பார் என்று நானே பால் காய்ச்சிக் கொடுத்தேன். ஒருநாள் ராமக்காள், வயிறு கூராக இருக்கிறது, ஆண் என்றார். தயிர்க்கார இருளாயி, அகலமாக இருக்கிறது, பெண் என்றார். இரண்டு பேரும் செல்வியை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி நிறுத்திப் பார்த்ததில் அவள் தலைசுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டாள். தலைசுற்றினால் ஆணேதான் என்று ராமக்காள் முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் சீட்டு எழுதிக்கொண்டே, "ரத்தம் ஒம்போதுதான் இருக்கு. இரும்பு விடாம எடுத்துக்கணும். ஊருக்கு எங்க போனாலும் மறக்காம எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி வெளியே கிளம்பினால் காத்துக் கருப்பு அண்டாமல் கையில் ஒரு துண்டு இரும்பு கொடுத்து அனுப்புவது நம் வழக்கம். அதைப் படித்த டாக்டரே சொல்லிவிட்டாரே, இது விஞ்ஞானம் அல்லவா என்று ஆட்டோவில் வரும்போது டிரைவருக்கும் விளக்கிச் சொன்னேன். சீட்டில் இருந்த மாத்திரைகளையும் வாங்கினோம். மூன்று நாள் சாப்பிட்டதும் செல்வி அம்மாவிடம் என்னவோ கிசுகிசுத்தாள். மாப்பிள்ளைக்கு எழுதும் விஷயமில்லை, ஆனாலும் எழுதுகிறேன், வெளிக்குக் கறுப்பாகப் போனதாம். "பாத்தீகளாண்ணே, உள்ள இருக்கது அம்புட்டும் கறுக்குது, பிள்ள மட்டும் கறுக்காதா?" என்றார் ராமக்காள். நீங்களும் அந்த வாரம் போனில், உங்கள் அறை நண்பர் சொன்னதாக, "மாத்திரயெல்லாம் சூடு மாமா, வேணாம்" என்றீர்கள். மாத்திரை மாவு டப்பாவுக்குப் பின்னால் போனது. இரும்புக்கு நான் பொறுப்பேற்றேன். தலையணைக்கு அடியில் அரிவாள், இடுப்பில் சாவிக்கொத்து, கடைக்குப் போனால் மஞ்சப்பையில் கனமாக இன்னும் சில சாமான். செல்வி "இடுப்பு வலிக்குதுப்பா" என்று சொன்னபோதெல்லாம், இரும்பு வேலை செய்கிறது, பொறுத்துக்கொள் என்று தட்டிக்கொடுத்தேன். நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

அக்டோபர் ஆறாம் தேதி மறுபடி பரிசோதனை. டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "ஏழு புள்ளி எட்டு! எறங்கிருக்கே! இரும்பு எடுத்துக்கிறீங்களா, இல்லையா?" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "ஒருநாக்கூட விடலங்க. இந்தா, இப்பக்கூட எடுத்துக்கிட்டுத்தான் வந்திருக்கோம்" என்று மஞ்சப்பையை மேஜைமேல் கவிழ்த்தேன். பதினாறாம் நம்பர் ஸ்பேனர், பாக்குவெட்டி, ஒரு குதிரை லாடம் எல்லாம் வரிசையாக விழுந்தன. செல்வியும் தன் பங்குக்கு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி வைத்தாள். நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஸ்பேனரை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இத ரத்தத்துக்குள்ள எப்படிங்க ஏத்துவீங்க?" என்றார். அதன்பிறகு எனக்கு விழுந்த திட்டு டிப்போ மேனேஜரிடம்கூட வாங்காதது. மாத்திரை சாப்பிட்டால் வெளிக்குத்தான் கறுக்குமாம், பிள்ளை கறுக்காதாம். நிறம் அப்பா அம்மாவிடமிருந்து வருவதாம், குங்குமப்பூ போட்டால் பால்தான் நிறம் மாறுமாம். பப்பாளிக் காய்தான் ஆகாதாம், நன்றாகப் பழுத்தது கொஞ்சம் தின்றால் ஒன்றும் ஆகாதாம். வயிற்றின் வடிவத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று அவராலேயே சொல்ல முடியாதாம், தயிர்க்காரம்மா எப்படிச் சொல்வார் என்று கேட்டார். "ரெண்டாளுச் சாப்பாடும் வேணாம், அரை வயித்துப் பட்டினியும் வேணாம். தாயப் பட்டினி போட்டா பிரசவம் லேசாகாது, பிள்ளைக்கு எடைதான் கொறையும். ரத்தம் இப்பிடி இருந்தா, பிரசவத்துல கொஞ்சம் ரத்தம் போனாக்கூட உங்க மக தாங்க மாட்டா" என்றார்.

அப்போது பின்னால் நின்ற உங்கள் அத்தை, "அப்ப நானும் சாப்புட்டிருக்கலாமா டாக்டரம்மா?" என்று கேட்டாள். டாக்டரம்மாவுக்கு விஷயம் தெரியாது. "சாப்பிட்டிருக்கணும்மா" என்றார். செல்விக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது உங்களுக்குத் தெரியும். சோளக் கதிர் அளவுதான் இருந்தான். அந்தப் பத்து மாதமும் சோணையம்மாளின் தட்டிலிருந்து சோற்றை எடுத்து வைத்தவர்களில் நானும் ஒருவன். ஆட்டோவில் ஏறியதும், "செல்விக்குப் பழக்கடையில நிப்பாட்டச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மாப்பிள்ளை. அதை எழுதுவதில் வெட்கமில்லை.

அன்று ஆரம்பித்த வேகம் இன்னும் நிற்கவில்லை. காலையில் மாத்திரையும் எலுமிச்சைச் சாறும் எடுத்துக்கொண்டு செல்வி முன்னால் நிற்பது நான்தான். காப்பி இரும்பைத் தடுக்குமாம், கேட்டால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான். வில்லாபுரத்தில் முருங்கை மரம் வைத்திருப்பவர்கள் என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்கள். கறிக்கடையில் ரத்தம் ஊற ஆட்டு மண்ணீரலுக்கு, அதுதான் சுவரொட்டி, முதல் ஆளாகச் சொல்லி வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு அவள் எள்ளுருண்டை கேட்டாள், கொடுத்தேன். ராமக்காளுக்கு மட்டும் மூன்று தடவை ரத்தம் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன், இப்போது என்னைக் கண்டால் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி ஓடுகிறார். போன வாரம் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண்ணிடம், "இரும்பு மாத்திரை சாப்புடுறியாம்மா?" என்று கேட்டேன். "நான் மாசமா இல்லண்ணே, இது தொப்ப" என்றது. அது முதல் தெரிந்தவர்களிடம் மட்டும்தான் பேசுகிறேன்.

உங்களிடம் இரண்டு கோரிக்கை. ஒன்று, குங்குமப்பூ இனி வேண்டாம், அங்கே பேரீச்சம்பழம் நன்றாகக் கிடைக்குமே, அதை அனுப்புங்கள். இரண்டாவதுதான் முக்கியம். மாத்திரையை விழுங்கும்போதெல்லாம் செல்வி, "அவுக வேணாம்னு சொன்னாக, தெரிஞ்சா வருத்தப்படுவாக" என்கிறாள். அடுத்த தடவை போன் செய்யும்போது உங்கள் வாயால், "சாப்பிடு செல்வி" என்று சொல்லிவிடுங்கள். அறை நண்பர் தன் யோசனையைத் தன் பெண்டாட்டிக்கு வைத்துக்கொள்ளட்டும். இன்று முதல் இந்த வீட்டில் டாக்டர் சொல்வது ஒன்றுதான் சட்டம். சகுனம், கயிறு, தாயத்து, நேர்த்திக்கடன் எதுவும் வாசற்படி ஏறாது. இதை எழுத்து மூலமாக உறுதி கூறுகிறேன்.

நீங்கள் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருந்து, பிறக்கப்போவது ஆணோ பெண்ணோ கறுப்போ சிவப்போ, மடி நிறைய வைத்துக் கொஞ்ச வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
திருந்திய மாமனார்,
வெ. வெள்ளைத்துரை

பி.கு.: வெள்ளிக்கிழமை காலை. ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். பத்து புள்ளி நான்கு! மாப்பிள்ளை, பத்து புள்ளி நான்கு! இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், எப்படியும் செல்வி போனில் சொல்லிவிடுவாள். புதன்கிழமை கவரை ஒட்டியதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தபாலாபீசுக்கு என்று கிளம்பியவன் நேரே பாண்டி கோயிலுக்குப் போய், பத்து வந்தால் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வந்தபிறகு போடுவானேன், சாமி தவறாக நினைத்துவிடக் கூடாது என்று அங்கேயே, அப்போதே போட்டுவிட்டேன். நேற்று டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். "ஏங்க, ஏறுனது மாத்திரையாலயா, இல்ல இதுனாலயா?" என்று பணிவாகத்தான் கேட்டேன். "மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க. முடி தானா வளந்துரும்" என்றார்.