நூத்துக்கு நூறு வாங்கிய சீன எழுத்து

கிடங்குக்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சபதம் எடுத்தார். ஆறே மாசத்தில் சீன எழுத்து கற்று, இறக்குமதிப் பிரிவில் தலைமை எழுத்தராக உட்கார்ந்துவிடுவது!

பதினோரு வருஷமாகப் பெட்டி எண்ணியே முதுகு வளைந்த மனுஷன், பாவம். சீனாவிலிருந்து வரும் இயந்திரப் பெட்டிகளில் ஈரம் பட்டு லேபிள் அழிந்துவிடும். அதைப் புதுசாகக் கையால் எழுதி ஒட்ட ஒரு ஆள் வேண்டும், அதற்குப் பரீட்சை உண்டு என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பாஸ் பண்ணினால் தனி மேஜை. எல்லோரும் 'சார்' என்று கூப்பிடுவார்கள்.

"நானும் கத்துக்கட்டுமாங்க? சாயங்கால வகுப்புக்கு ரெண்டு பேருமாப் போயிட்டு வரலாமே," என்றாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி.

"உனக்கு எதுக்கு? சீனாக்காரிக்குச் சட்டை தைக்கப் போறியா?"

அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப விழுங்க முடியாதா என்று பின்னால் அவர் ஏங்கிய ஏக்கம் இருக்கிறதே, அது வேறு யாருக்கும் வரக்கூடாது.

முதலில் போனில் ஒரு செயலியை இறக்கினார். விரலால் கோடு இழுத்தால் போதும். கோணலாக இழுத்தாலும் அதுவே நிமிர்த்திக்கொள்ளும். அடுத்த கோடு மறந்துபோனால் மங்கலாக ஒன்று தோன்றி, 'இப்படி வாங்க' என்று வழிகாட்டும். முடித்தால் நட்சத்திரமாகக் கொட்டும். நூத்துக்கு நூறு! ஆபீசில் ஒருத்தர் விடாமல் போனை நீட்டி நீட்டிக் காட்டியதில், 'நூத்துக்கு நூறு' என்றே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது. கிண்டல் என்று தெரியாமல் மனுஷன் பூரித்துப்போனார்.

சாயங்கால வகுப்பு டீச்சரம்மா ஒரு காலத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். நட்சத்திரத்துக்கெல்லாம் மசியவில்லை.

"இது உங்க கை எழுதலை, போன் எழுதுது. கட்டம் போட்ட நோட்டுல, ஒவ்வொரு எழுத்தும் ஐம்பது தடவை. வாராவாரம் கொண்டு வாங்க."

ஏழாவது தடவையிலேயே கட்டைவிரல் மரத்துவிட்டது. எழுதியதைப் பார்த்தால் சுவரில் நசுங்கின கொசு மாதிரி இருந்தது. அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது.

"இந்தாம்மா, கழுத்து வலின்னு சொன்னியே. இந்த எழுத்தை நிதானமா எழுதினா நரம்பெல்லாம் இளகுமாம்."

"யாரு சொன்னா?"

"டாக்டருங்க."

"எந்த டாக்டரு?"

"எல்லா டாக்டரும்தான்."

"எத்தனை தடவை எழுதணும்?"

"ஐம்பது. ஒண்ணு குறைஞ்சாலும் பலிக்காது."

"கழுத்து வலிக்குக் கரெக்டா ஐம்பதா?" என்று கேட்டுவிட்டு நோட்டை வாங்கிக்கொண்டாள்.

துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுப் பழகின கை அது. எந்தக் கோடு முதலில், எது பிறகு, என்ன அர்த்தம் என்று போனில் பார்த்துக்கொண்டு எழுதினாள். ஒவ்வொரு எழுத்தும் கட்டத்துக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. நம்ம ஆள் சோபாவில் சாய்ந்து டிவி பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு போய், 'நான் எழுதினது' என்று கூசாமல் கொடுத்தார்.

டீச்சரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவை அவரைப் பார்த்தார். பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் சீனத்திலேயே ஒரு வரி எழுதினார். அடுத்த வாரம் இரண்டு வரி. அப்புறம் நாலு வரி. அச்செழுத்து என்றாலாவது கிடங்குக்காரருக்கு ஏதோ கொஞ்சம் பிடிபடும். வேகமான கையெழுத்து என்றால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். ஆனாலும் பெருமை விடவில்லை. ஒரு பக்கத்தை நகல் எடுத்து ஆபீசில் தன் தலைக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தார்.

"சிவப்புல என்னங்க எழுதியிருக்கு?" என்றான் பாரவண்டி ஓட்டுகிறவன்.

"பாராட்டுய்யா. நீளமான பாராட்டு."

பரீட்சை ஒரு சனிக்கிழமை காலை, ஆபீஸ் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. உள்ளே நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். முதல் வரிசையில் அவர் மனைவி பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்!

"நீ எங்க இங்க?"

"வெளி ஆளுங்களும் எழுதலாம்னு டீச்சரம்மா சொன்னாங்க."

"அவங்களை உனக்கு எப்படித் தெரியும்?"

"அஞ்சு மாசமா கடிதம் எழுதிக்கிறோமே."

"கடிதமா? யாரு கொண்டுபோய்க் குடுத்தா?"

அவள் அவரை நிஜமான இரக்கத்தோடு பார்த்தாள். "நீங்கதாங்க."

மணி அடித்தது. வினாத்தாள் வந்தது. பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த கோடு மங்கலாகத் தெரியும் என்று காத்திருந்தார். தெரியவில்லை. விரலால் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு தட்டினார்.

"சார், அது பேப்பர்," என்றான் பக்கத்தில் இருந்த பாரவண்டிக்காரன்.

திங்கட்கிழமை, தாள் திருத்திய டீச்சரம்மா முடிவோடு வந்தார். தலைமேல் ஒட்டியிருந்த நகலை மேனேஜர் கேட்டுக்கொண்டபடி சத்தமாக வாசித்தார். கறுப்பு மையில் மனைவி எழுதியிருந்தது: 'இதை எழுதியது அவருடைய மனைவி. அவர் சோபாவில் இருக்கிறார்.' கீழே சிவப்பு மையில்: 'முதல் வாரமே தெரிந்துவிட்டது. அவரை எழுப்ப வேண்டாம். நீங்கள் பரீட்சைக்கு வாருங்கள்.'

பத்து வாரம் அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார் மனுஷன். சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆனது. மனைவிக்கு வேலை கிடைத்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் வீட்டுக்கு வந்து.

"சொல்லியிருந்தா நோட்டைப் பிடுங்கி வச்சிருப்பீங்க."

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தார். பிடுங்கித்தான் இருப்பார். மேஜை போனதுகூட அவரை அவ்வளவு அறுக்கவில்லை. கூட வரட்டுமா என்று ஆசையாகக் கேட்டவளை எடுத்தெறிந்து பேசினோமே, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ரெண்டு பேருமாகத் தப்புத் தப்பாக எழுதிச் சிரித்திருக்கலாமே என்பதுதான் அறுத்தது. ஐந்து மாசச் சாயங்காலம். போனால் போனதுதான்.

போனை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தார். 'மன்னித்துவிடு' என்பதற்குச் சீனத்தில் மூன்றே எழுத்து, மொத்தம் பத்தொன்பது கோடு. எழுதினார், அழித்தார், கிழித்தார், மறுபடியும் எழுதினார். நாலு நாள் ஆனது. விரலில் கொப்புளமே வந்துவிட்டது. கடைசியில் ஒரு தாளில் மூன்றும் கோணாமல் நின்றன. எடுத்துக்கொண்டுபோய்த் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவள் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு கோடாக விரலால் தடவினாள். கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப அழகா இருக்குங்க," என்றாள். "யாரு எழுதிக் குடுத்தாங்க?"