தலைமாட்டில் கேட்ட 'ம்'

மதிப்பிற்குரிய டாக்டர் நூர்ஜஹான் அம்மா அவர்களுக்கு, தங்களிடம் உளப்பகுப்பாய்வுப் பயிற்சி பெறும் ஜாஸ்லினின் தகப்பன், ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் அடைக்கலராஜ், ஒரத்தநாட்டிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் மாடும் சௌக்கியம். தாங்களும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

போன மாதம் நான் எழுதிய கடிதத்தைத் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடுங்கள். வாரத்துக்கு நாலு நாள் என் மகளைப் படுக்கவைத்துப் பேசச் சொல்லி, தலைமாட்டில் உட்கார்ந்து 'ம்' மட்டும் சொல்கிறீர்களாமே, அவளுக்கு என்ன வியாதி, மறைக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டி.சி. கொடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். ஊரார் மனசைக் கேட்கப் போகிறவர் முதலில் தானே படுத்துப் பேசியாக வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியாது. வேளாங்கண்ணிக்கு மெழுகுவர்த்தி வேறு நேர்ந்துகொண்டேன். முப்பத்தோரு வருடம் நான் பார்த்த நோயாளிகள் யாரும் வாய் திறந்து பேசியதில்லை, நான்தான் அவர்கள் வாயைத் திறந்து பார்ப்பேன்.

லீவுக்கு ஜாஸ்லின் வந்தாள். சோதித்துப் பார்த்துவிடலாம் என்று மாட்டுக் கொட்டகை ஓரம் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்து, "தலைமாட்டுல வந்து உக்காரும்மா" என்றேன். "சொந்தக்காரங்களைப் பாக்கக் கூடாதுப்பா, அது தப்பு" என்றாள். "பெத்தவன் சொல்றேன், உக்காரு" என்று கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் முழங்கால் வலியைச் சொன்னேன். 'ம்'. வாய்க்காலில் மண்டிய ஆகாயத்தாமரை, அறுப்பு மிஷினை என் வரப்பு மேல் ஏற்றிய பக்கத்து வயல்காரர். 'ம்ம்'. அப்புறம் எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை அம்மா, என் மனைவி பிலோமினா பேச்சு வந்துவிட்டது. மூணு வருஷமா யார்கிட்டயும் சொல்லாதது. அன்னிக்குக் காலையில அவ "நெஞ்சு என்னமோ பண்ணுதுங்க"ன்னா, நான் "கேஸாத்தான் இருக்கும், மோர் குடி"ன்னு சொல்லிட்டு, கன்னு போட முடியாம தவிச்ச ஒரு பசுவைப் பாக்க ஓடிட்டேன். கன்னு பொழச்சிருச்சு. திரும்பி வந்தப்ப அவ இல்ல. இதைச் சொல்லி ஓவென்று அழுதேன் அம்மா. தலைமாட்டிலிருந்து நீளமாக ஒரே ஒரு 'ம்ம்ம்'. திட்டவில்லை, தேற்றவுமில்லை. மூன்று வருடத்தில் அன்றுதான், மூடிய கண்ணைத் திறக்காமலே அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன்.

இப்படியொரு பொறுமையை என் மகளுக்குக் கற்றுத் தந்த உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்! ஒரு மூட்டை பொன்னி அரிசி அனுப்பியிருக்கிறேன். உங்கள் நிழலில் நூறு பேர் மனம் தேறட்டும். மாதா உங்களைக் காக்கட்டும்.

என்றும் நன்றியுள்ள,
அடைக்கலராஜ்

பி.கு.: மேலே எழுதியதை ஜாஸ்லினுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முகமே மாறிவிட்டது. "நீங்க கண்ணை மூடுனதுமே நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டேனேப்பா, மிக்ஸி சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்கிறாள். சொந்தக்காரரைப் பார்க்கக் கூடாது என்ற உங்கள் விதியை மீறமாட்டாளாம். தலைமாட்டில் கட்டிக் கிடந்தது எங்கள் செவலைப் பசு. மாட்டுக் குரலை மகள் குரல் என்று நம்பிய கால்நடை ஆய்வாளர் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான். அன்று பிழைத்த கன்றுக்குட்டி அதுதான் அம்மா, மாட்டுக்காரர் எனக்கே கொடுத்துவிட்டார். இப்போது ஜாஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறாள். "டாக்டரா இல்லப்பா, மகளா கேக்குறேன். அம்மா அன்னிக்கு என்ன சொன்னாங்க?" அரிசி உங்களுக்குத்தான், மாற்றமில்லை. அவளுக்கு மட்டும் இன்னும் இரண்டு நாள் லீவு தாருங்கள். நான் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.