செங்கால் ஆமைக்கு ஆறு மணி நேர வெயில்

எங்கள் நாமக்கல் பக்கம் ஒருவர் வசதியானவர் என்று ஊர் ஒப்புக்கொள்ள, முன்பெல்லாம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஒன்று போதும். இப்போது வெளிநாட்டு ஆமை வேண்டியிருக்கிறது. முட்டைக்கோழிப் பண்ணை தனபாலும் மழைக்காட்டுச் செங்கால் ஆமை ஒன்று வாங்கினார். விடுதிப் பள்ளியில் பன்னிரண்டாவது சேர மகள் தனப்பிரியா சம்மதித்ததற்கான பரிசு அது. அதைப் பார்க்கத்தான் அவள் மாதம் ஒரு ஞாயிறு வீட்டுக்கே வருகிறாள்.

பண்ணைக்காரர் ஆமையை எங்கே வைப்பார்? கோழிக்கூண்டில்தான் வைத்தார். ஆய்வுக்கு வந்த வனத்துறை அலுவலர் பாலசுந்தரத்துக்கு அதைக் கண்டு கண் கலங்கிவிட்டது.

"ஏனுங்க, இதுவும் ஒரு உசுருதானே? இப்படியா அடைச்சு வெப்பீங்க?"

"முப்பதாயிரம் கோழி இப்படித்தானுங்க இருக்குது."

"கோழி வேற துறைங்க."

விதிமுறையை வாசித்தார். திறந்தவெளியில் நூறு சதுர அடி, ஆறு மணி நேர வெயில், வேண்டும்போது ஒதுங்க நிழல், ஈரக்காற்று. தூங்கும்போது எழுப்புதல் கூடாது. ஏழு நாளில் செய்யாவிட்டால் ஆமை அரசுக் காவலில் எடுத்துக்கொள்ளப்படும். தனபால் ஆடிப்போனார். ஆமை போய்விட்டால் மகள் எதற்கு வருவாள்?

கொல்லையில் வேலி போட்டு வாழை நட்டார். கோழிகளுக்குக் கோடையில் சாரல் அடிக்கும் ஃபாகரைக் கழற்றி ஆமைக்கு மாட்டினார். ஏழாம் நாள் ஞாயிறு. பாலசுந்தரம் காலையிலேயே வந்து குறிப்பேட்டைத் திறந்தார்.

"மழைக்காட்டுக்கு வருஷம் எம்பது அங்குலம் மழை வேணும். உங்கூர்ல முப்பதுதான் பெய்யுது. மீதிக்கு விளக்கம் எழுதிக் குடுங்க."

'மேற்படி மழை எனது கவனக்குறைவால் பெய்யாமல் போனது. இனி இவ்வாறு நேராது' என்று தனபால் எழுதிக் கொடுத்தார். அது ஏற்கப்பட்டது.

அடுத்தது வெயில். ஆமை பத்து நிமிஷம் காய்ந்துவிட்டு வாழையடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"வெளிய வரச் சொல்லுங்க."

"தூங்குதுங்க. எழுப்பக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

பாலசுந்தரம் யோசித்தார். "இடத்துல வெயில் அடிச்சாச் சரி. ஆமை மேல அடிக்கோணும்னு விதியில இல்லை." குடை பிடித்துக்கொண்டு ஆறு மணி நேரம் உட்கார்ந்து வெயிலை எண்ணி முடித்தார்.

அதற்குள் தனப்பிரியா வந்துவிட்டாள். தாய் மஞ்சுளா பதறிவிட்டாள்.

"ஏஞ்சாமி இப்படி வெளுத்துப் போயிட்ட?"

"காலைல நாலரைக்கு எழுப்பறாங்கம்மா. ராத்திரி பத்து வரைக்கும் டியூப்லைட்டுதான். வெளிய பாத்தாக் கவனம் செதறுமுன்னு ஜன்னல்ல அட்டை ஒட்டீட்டாங்க. ஒரு ரூமுக்குப் பதினாறு பேரு."

மஞ்சுளா அலுவலரிடம் திரும்பினாள். "ஏனுங்க, இதுக்கு விதி ஒண்ணும் இல்லீங்களா?"

"புள்ளைங்க வேற துறைங்க. எம் பையனும் அங்கதான் படிக்கறான். நல்ல ஸ்கூலுங்க."

தனபாலும் தலையாட்டினார். நல்ல பள்ளிதான். இடம் வாங்க அவர் யார் யாரையோ பிடித்திருந்தார்.

பேச்சு முடிந்து பார்த்தால் தனப்பிரியாவைக் காணோம். வேலிக்குள் ஆமைக்குப் பக்கத்தில், முகத்தில் வெயில் படப் படுத்துத் தூங்கிவிட்டிருந்தாள். பாலசுந்தரம் ஆமை வளர்க்கும் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடப்போன பேனாவை நிறுத்தினார்.

"அனுமதி ஒரு உசுருக்குத்தானுங்க. பாப்பாவை வெளிய கூட்டிக்கோங்க."

ஆமை விழித்துவிடக் கூடாதே என்று தனபால் செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல உள்ளே போனார். மகளின் தோளைத் தொட்டு உலுக்கினார்.

"எந்திரி சாமி. ஸ்கூல் பஸ் வந்துரும்."