கையுறையோடு கும்பிட்ட கதை

பக்தியும் வயர்லெஸ்ஸும் ஒரே கையில் இருக்கக்கூடாது. இதை எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில், பங்குத்தந்தையின் அங்கியைப் பலிகொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் இன்ஜினியரிங் கடைசி வருடம். புராஜெக்டுக்காக ஒரு ரோபோ செய்திருந்தேன். (கை, கால், கண் என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். நான்கு சக்கரம், ஒரு பலகை, மார்த்தாண்டத்தில் வாங்கிய பொம்மைக் காரின் மோட்டார்.) என் வலது கையில் சென்சார் தைத்த கையுறை. கை எந்தப் பக்கம் சாய்கிறதோ, வண்டியும் அந்தப் பக்கம் போகும். திருவிழாக் கண்காட்சியைத் திறக்க வரும் பாதருக்கு என் ரோபோதான் கத்தரிக்கோல் கொண்டுபோய்க் கொடுக்கும் என்று, தன்னிடம் மீன் வாங்க வந்தவர்களிடம்கூட அம்மா சொல்லிவைத்திருந்தாள்.

ரோபோ ஒழுங்காகத்தான் போனது. பாதர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. அத்தோடு சுவிட்சை அணைத்திருக்கலாம். (அணைத்தால் மறுபடி இணைய அது படுத்தும் பாடு எனக்குத்தானே தெரியும்.) கையை அசைக்காமல் விறைத்து நின்றேன். ரிப்பனை வெட்டும் முன் பாதர் ஜெபத்தைத் தொடங்கினார்.

“தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே...”

ஊரே சிலுவை போட்டது, என்னைத் தவிர.

“ஏட்டி, சிலுவை போடுட்டி.” அம்மா விலாவில் இடித்தாள்.

“சும்மா இரும்மா. கைய அசைக்கக் கூடாது.”

“படிச்ச திமிரா? ஊரு பாக்குதுட்டி!”

தொலையட்டும் என்று இடது கையைத் தூக்கினேன்.

“மாதாவே, பீச்சாங்கையாலயா!” என்று அலறிய அம்மா, என் வலது கையைப் பிடித்து அவளே சிலுவை போட வைத்தாள். கை நெற்றிக்குப் போனது. ரோபோ பின்வாங்கிப் பாடகர் குழுவின் கால்களை மிதித்தது. கை நெஞ்சுக்கு வந்தது, ரோபோ பாய்ந்து பாதரின் அங்கிக்குள் நுழைந்தது. இடது தோள், வலது தோள். உள்ளேயே இப்படியும் அப்படியும் திரும்பி, அங்கியின் விளிம்பைச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது.

“நிப்பாட்டுட்டி!”

“நீ மொதல்ல கைய விடும்மா!”

நான் உதற, அம்மா பிடிக்க, ஒவ்வோர் உதறலுக்கும் பாதர் ஓர் அடி நடந்தார். கடைசியில் குனிந்து, கையிலிருந்த கத்தரிக்கோலால் தன் அங்கியையே வெட்டி விடுபட்டார். கூட்டம் மறுபடி கைதட்டியது. (திறப்பு விழா முடிந்தது என்று நினைத்திருப்பார்கள்.)

சில வருடம் கழித்து என் திருமணத்தை நடத்தியதும் அதே பாதர்தான். ஆசீர்வதிக்கும் முன், “ரெண்டு கையையும் விரிச்சிக் காட்டு மக்கா” என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் ஜெபத்தைத் தொடங்கினார். எங்கள் ஊர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொட்டாரம் என்ற ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் மட்டும் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு என் நாத்தனார் திருமணம் கொட்டாரத்தில் நடந்தது. வேறு பாதர். அவர் ஜெபத்தைத் தொடங்கியதும் என் மாமியார் பதறி எழுந்தார்.

“பாதர், கைய விரிச்சிக் காட்டச் சொல்லலியே!”

பாவம், பெண்ணும் மாப்பிள்ளையும் ஒன்றும் புரியாமல் கைகளை விரித்தார்கள்.